வயசான சென்டரை டிரேடு பண்ணலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பாதி தாண்டியதும் சென்னையில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ பார்ப்பவர்களிடையே ஒரே வாதம் திரும்பத் திரும்ப வரும். காலை ஆட்டம் முடிந்து கோர்ட் ஓரத்தில் ஷூவைக் கழற்றும்போது ஒருவர் "அந்த முப்பத்தி நாலு வயசு சென்டரை இப்பவே தள்ளிவிடணும்" என்பார். சென்டர் என்றால் ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள். "தள்ளிவிட்டா ரிங்குக்குக் கீழே யார் நிப்பா, உங்க மாமாவா?" என்று பக்கத்தில் இருந்து பதில் வரும். இரண்டு பேருமே பெரும்பாலும் பாதிக் கணக்கோடுதான் பேசுகிறார்கள். ஒருவருக்குச் சம்பள விதி தெரியாது, இன்னொருவர் டிஃபென்ஸைக் கவனிப்பதில்லை.

அப்படிக் காதில் விழுந்த சந்தேகங்கள் கேட்டவர் வாயில் வந்தபடியே கீழே இருக்கின்றன. பணக் கணக்கு எல்லாம் டாலரில். ஒரு கோடி டாலர் என்றால் பத்து மில்லியன். வருடம் குறிப்பிடாத இடங்களில் 2025-26 சீசனின் தொகை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரேடுன்னா பிளேயரை விக்கிறதா? ஐபிஎல் மாதிரியா?

விற்பனை இல்லை, கைமாற்று. ஒரு ஆட்டக்காரரின் கான்ட்ராக்ட் அப்படியே இன்னொரு அணிக்குப் போகிறது. சம்பளமும் மிச்சமிருக்கும் வருடங்களும் மாறாது. பதிலுக்கு வேறு ஆட்டக்காரர்களோ வருங்கால டிராஃப்ட் பிக்குகளோ (புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைவாய்ப்பு; முதல் ரவுண்டு, இரண்டாம் ரவுண்டு என்று உண்டு) வரும். ரொக்கமும் சேர்க்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டு.

2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை சிஎஸ்கே வாங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதில் ஜடேஜாவின் தொகை 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியானது. என்பிஏவில் அப்படிக் குறைக்க வழி இல்லை. இன்னொரு பெரிய வித்தியாசம்: ஐபிஎல் டிரேடுக்கு ஆட்டக்காரர் சம்மதிக்க வேண்டும், என்பிஏவில் பொதுவாக அவரைக் கேட்கவே தேவையில்லை.

விதிவிலக்கு இரண்டு. லீகில் 8 வருடமும் அந்த அணியில் 4 வருடமும் ஆடியவர் 'என்னை டிரேடு செய்யக் கூடாது' என்ற ஷரத்தைப் பேசி வாங்கிக்கொள்ளலாம். கெவின் கார்நெட்டிடம் அது இருந்தது. 2013-ல் புரூக்ளினுக்கும் 2015-ல் மினசோட்டாவுக்கும் அவர் தலையாட்டிய பிறகே போனார். அடுத்தது, பழைய அணியிலேயே ஒரு வருட கான்ட்ராக்டில் தொடரும் சிலருக்கும் மறுக்கும் உரிமை இருக்கும். வயதான சென்டர்கள் பலர் ஒரு வருட கான்ட்ராக்டில்தான் ஓடுகிறார்கள் என்பதால், வாதத்தைத் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

எத்தனை வயசானா "வெட்டரன்"?

விதிப்படி எல்லைக்கோடு எதுவும் கிடையாது. பேச்சு வழக்கில் முப்பதைத் தாண்டி எட்டு, பத்து சீசன் ஆடியவர். பிக் மேன் என்றால் சென்டரும், சென்டராகவும் நிற்கக்கூடிய பவர் ஃபார்வர்டும்.

நம்ம ஊர்ல நாப்பது வயசுக்காரர் சென்டரா நின்னு ஜெயிச்சுக் கொடுக்கிறாரே, அங்க மட்டும் ஏன் முப்பத்தி மூணுலயே முடிஞ்சுபோச்சுங்கறாங்க?

விதி வேறு என்பதால்தான். சென்னையில் நடக்கும் போட்டிகள் ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு, FIBA) விதியில் ஓடுகின்றன. ஃபீபாவில் டிஃபென்ஸ் ஆடுபவர் பெயின்ட்டுக்குள் (ரிங்குக்குக் கீழே உள்ள கட்டம்) எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். உயரமான ஆள் ரிங்குக்குக் கீழே கையைத் தூக்கியபடி நின்றாலே பாதி வேலை முடிந்தது. என்பிஏவில் கைக்கெட்டும் தூரத்தில் யாரையும் காக்காமல் மூன்று விநாடிக்கு மேல் பெயின்ட்டுக்குள் நின்றால் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களிடமே. ஆகவே சென்டர் ஓயாமல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கோர்ட்டின் தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஃபீபாவில் மூன்று பாயின்ட் கோடு 6.75 மீட்டர், என்பிஏவில் நடுப்பகுதியில் 7.24 மீட்டர். எதிரணிச் சென்டரே அங்கிருந்து ஷூட் செய்கிறார் என்றால் நம் ஆள் ரிங்கிலிருந்து அவ்வளவு தூரம் ஓடிவந்து மறைத்துவிட்டு, தவறிய ஷாட்டைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, திரும்பவும் ஓட வேண்டும். ஆட்டம் 40 நிமிடம் இல்லை, 48. சீசனுக்கு 82 ஆட்டம், அதில் அடுத்தடுத்த நாள் ஆடுபவையும் உண்டு. ரிங்கில் பட்டுத் துள்ளும் பந்தை ஃபீபாவில் தட்டிவிடலாம். என்பிஏவில் அது ரிங்குக்கு நேர் மேலே இருக்கும்வரை தொட முடியாது. உயரத்தையும் அனுபவத்தையும் மட்டும் வைத்துச் சமாளிக்கும் வழிகள் இப்படி ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.

பாயின்ட்ஸ் பதினேழு, ரீபவுண்டு பத்து. நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?

பிக் மேன் விஷயத்தில் அதிகம் ஏமாற்றுவது இந்த இரண்டு எண்கள்தான். நீண்டகாலம் ஆடியவருக்குக் கடைசிவரை மிஞ்சுவது கைத்திறன்: ஹூக் ஷாட், ஸ்கிரீன் (எதிரணி ஆளின் வழியை உடலால் மறிப்பது) போடும் கோணம், பாஸ், வெளியே இருந்து ஷூட்டிங். முதலில் போவது பக்கவாட்டில் நகரும் கால். அது ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலான பாக்ஸ் ஸ்கோரில் எங்கும் தெரியாது.

ரீபவுண்டு எண்ணிக்கையிலும் ஒரு பொறி உண்டு. யாரும் போட்டிக்கு வராத பந்தை இவரே எடுக்கட்டும் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். அவர் கோர்ட்டில் இருக்கும்போது எதிரணி தவறவிட்ட ஷாட்டுகளில் அணி மொத்தமாக எத்தனை சதவீதம் பிடித்தது என்பதுதான் கணக்கு. அவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தச் சதவீதம் சரிகிறதா என்று பாருங்கள். சரியவில்லை என்றால் அந்தப் பத்து ரீபவுண்டு அவர் இல்லாவிட்டாலும் அணிக்கு வந்திருக்கும்.

சரி, கால் போயிடுச்சான்னு மேட்ச் பாத்தே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஐந்து ஆட்டம் போதும். அதில் ஒன்றாவது அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாவதாக இருக்கட்டும், ஒன்று வெளியே இருந்து ஷூட் செய்யும் சென்டருக்கு எதிராக இருக்கட்டும். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். கொஞ்சம் போரடிக்கும்தான்.

எதிரணி ஸ்கிரீன் போடும்போது அவர் எங்கே நிற்கிறார் என்பது முதல் விஷயம். 'டிராப்' என்றால் பெயின்ட் அருகே பின்வாங்கி நின்று, நடுத்தூர ஷாட்டை விட்டுக்கொடுத்து ரிங்கைக் காப்பது. வயதானவர்களுக்கு இதுதான் சரிப்படும், அதில் தப்பில்லை. போன வருடம் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்றவர் இந்த வருடம் இரண்டு அடி பின்னால் நிற்கிறார் என்றால் கவனியுங்கள். தன் காலை அவரே நம்பவில்லை என்று அர்த்தம். அப்போது பந்தைக் கொண்டுவரும் எதிரணி கார்டுக்கு (guard) நிதானமாக ஷூட் செய்ய இடம் கிடைக்கும்.

அடுத்தது இரண்டாவது தாவல். முதல் தடவை தாவி ஷாட்டைத் தடுப்பதை முப்பத்தைந்திலும் செய்வார்கள். பந்து கீழே விழுந்து உடனே மறுபடி தாவும்போதுதான் வயது தெரியும். மூன்றாவது, எதிரணி ஃபாஸ்ட் பிரேக் போனால் அவர் பாதிக் கோர்ட்டைத் தாண்டும் நேரம். முதல் குவார்ட்டரையும் நாலாவது குவார்ட்டரையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு மெதுவாக ஓடினால் அது அவர் பாணி. நாலாவதில் மட்டும் பின்தங்கினால் அவரை டிரேடு செய்யத் தேவையில்லை; 32 நிமிடம் ஆட வைப்பதை 24 ஆக்கினால் போதும். ரசிகர்கள் டிரேடு கேட்கும் இடங்களில் பாதியில் பயிற்சியாளர் நிமிடத்தைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

ஆன்-ஆஃப் நம்பர்ல அவர் மைனஸ்ல இருக்காரே, அதுவே போதாதா?

போதாது. அவர் ஆடும்போதும் ஆடாதபோதும் அணி எடுத்த பாயின்ட் வித்தியாசம்தான் அந்த எண். அவர் யாரோடு சேர்ந்து ஆடினார், யாருக்கு எதிராக ஆடினார், அவருக்குப் பதில் வருபவர் எப்படி என்பதெல்லாம் அதற்குள் கலந்து கிடக்கிறது. ஸ்டார்டிங் சென்டர் எதிரணியின் முதல் ஐவரோடு மோதுகிறார், பேக்கப் சென்டர் எதிரணி பெஞ்சோடு மோதுகிறார். பத்திருபது ஆட்டத்தின் எண்ணில் மூன்று பாயின்ட் ஷாட்டுகள் அதிர்ஷ்டத்தில் விழுவதும் விழாததுமே நிறைய. முழு சீசன், முடிந்தால் இரண்டு சீசன் எடுத்து, மேலே சொன்ன ஐந்து ஆட்டப் பார்வையோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதிலுக்கு ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்டு பிக் கேக்கலாம் இல்ல?

கேட்கலாம், போனைத்தான் வைத்துவிடுவார்கள். 2025 பிப்ரவரியில் வாஷிங்டன் யோனஸ் வலன்சியூனஸை சாக்ரமென்டோவுக்கு அனுப்பியபோது கிடைத்தது ஒரு இளம் ஆட்டக்காரரும் இரண்டு இரண்டாம் ரவுண்டு பிக்குகளும். நன்றாக ஆடும், நியாயமான சம்பளமுள்ள முப்பத்தி ரெண்டு வயது சென்டருக்கு ஏறக்குறைய அதுதான் சந்தை.

"வூசெவிச்சுக்கு ரெண்டு கொடுத்தாங்களே" என்பார்கள். 2021 மார்ச்சில் சென்டர் வூசெவிச்சுக்காக ஆர்லாண்டோவுக்கு சிகாகோ கொடுத்தது உண்மை. வெண்டல் கார்ட்டர், ஓட்டோ போர்ட்டரோடு இரண்டு முதல் ரவுண்டு பிக். அப்போது வூசெவிச்சுக்கு 30 வயது, அந்த வருட ஆல்-ஸ்டார், கான்ட்ராக்டில் இன்னும் இரண்டு வருடம் மிச்சம். அந்தப் பிக்குகளில் ஒன்றில் ஆர்லாண்டோ பிரான்ஸ் வாக்னரை எடுத்தது. 

வாங்கும் அணிக்கும் ஒரு கட்டு உண்டு. தொடர்ந்து இரண்டு வருட முதல் ரவுண்டு பிக்குகள் இல்லாமல் போகும்படி எந்த அணியும் கொடுக்கக் கூடாது. எண்பதுகளில் கிளீவ்லேண்ட் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி, அவர் பெயராலேயே வழங்குகிறது. 'எல்லா பிக்கையும் குடு' என்று சமூக வலைதளத்தில் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சம்பளம் மேட்ச் ஆகணும்கறாங்களே, கணக்கு எப்படி?

ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு 15.46 கோடி டாலர். அதற்குக் கீழே இடம் வைத்திருக்கும் அணி, அந்த இடத்துக்குள் ஆளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சீசன் நடுவே அப்படிப்பட்ட அணிகள் மிகக் குறைவு. மற்ற அணிகள் அனுப்பும் சம்பளத்துக்கு ஏற்பத்தான் வாங்க முடியும்.

உதாரணமாக நம் சென்டர் 2 கோடி டாலர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரச் சம்பளங்களுக்கு 'அனுப்புவது கூட்டல் 75 லட்சம்' என்று 2023-24-ல் வைத்தார்கள். வரம்பு உயர உயர அந்த 75 லட்சமும் உயரும். அந்தக் கணக்கில் 2.75 கோடி வரை திரும்ப வாங்கலாம். சின்னச் சம்பளம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, மிகப் பெரிய சம்பளம் என்றால் 125 சதவீதமும் கொஞ்சமும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அனுப்பியதைவிடக் கூடுதலாக வாங்கினால் அந்த சீசன் முடியும்வரை அணியின் மொத்தச் சம்பளம் முதல் ஏப்ரனை (அடுத்த கேள்வியில் வருகிறது) தாண்டவே கூடாது. அடுத்து, ஆள் எண்ணிக்கை. ஒரு அணியில் வழக்கமான கான்ட்ராக்டில் 15 பேர்தான். ஒருவரை அனுப்பி மூவரை வாங்கினால் இருவரை வெளியே விட வேண்டும், அவர்கள் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் சம்பளக் கணக்கைச் சரிபார்க்கும் டிரேடு மெஷின் பச்சை காட்டியது என்பதற்காக டிரேடு நடந்துவிடாது.

ஏப்ரன், ஏப்ரன்னு ஓயாம சொல்றாங்களே, அது என்ன?

வரம்புக்கு மேலே மூன்று படிகள். ஆடம்பர வரி 18.79 கோடி டாலரில் தொடங்குகிறது. முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாவது ஏப்ரன் 20.78 கோடி. முதல் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணி அனுப்பியதைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. இரண்டாவதுக்கு மேலே போனால் இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, ரொக்கம் கொடுக்க முடியாது, ஏழு வருடம் தள்ளியிருக்கும் முதல் ரவுண்டு பிக்கும் உறைந்துபோகும், அதாவது டிரேடில் கொடுக்க முடியாது.

வயதான சென்டர் வாதத்துக்கு இதில் ஒரு விஷயம் முக்கியம். இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணிக்கு, ஒரே ஆளாக 2 கோடி வாங்கும் சென்டர் ஒரு சொத்து. ஐம்பது லட்சம் வாங்கும் நாலு பேரைச் சேர்த்து 2 கோடி ஆளை வாங்க முடியாது. இந்த ஒருவரைக் கொடுத்து வாங்கலாம். ஆட்டம் குறைந்தாலும் சம்பளச் சீட்டாக அவர் மதிப்பு நிற்கும். அதை ஒரு ரிசர்வ் கார்டுக்காக வீணடித்துவிட்டால் திரும்ப வராது.

கான்ட்ராக்ட் முடியற வருஷம்னா ஏன் அவ்வளவு கிராக்கி?

அடுத்த ஜூலையில் அந்தச் சம்பளம் கணக்கிலிருந்து காணாமல் போகும் என்பதால். இதைப் புரிந்துகொள்ள 2000-ல் நியூயார்க் நிக்ஸ் செய்ததைப் பார்த்தால் போதும். பேட்ரிக் யூயிங்குக்கு 38 வயது, கான்ட்ராக்டில் ஒரே வருடம் மிச்சம். அவரை நாலு அணி சேர்ந்த டிரேடில் சியாட்டிலுக்கு அனுப்பினார்கள். வந்தவர்களில் கிளென் ரைஸும் லூக் லாங்லியும் உண்டு, நீண்ட கான்ட்ராக்டுகளோடு. சும்மா இருந்திருந்தால் ஒரு வருடத்தில் இறங்கியிருக்கும் சுமை, பல வருடம் அணியின் கழுத்தில் தொங்கியது. யூயிங்கை அனுப்பியது தப்பா என்று இன்றும் பேசுகிறார்கள். தப்பு திரும்ப வாங்கியதில் இருந்தது.

நீளமான கான்ட்ராக்ட், வாங்க ஆளே இல்ல. அப்ப?

பிக்கைக் கூடக் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். 2019-ல் ஃபிலடெல்ஃபியா ஆல் ஹார்ஃபர்டை நாலு வருட கான்ட்ராக்டில் எடுத்தது. பக்கத்தில் இன்னொரு சென்டரான எம்பீட் நின்றதால் பொருந்தவில்லை. ஒரே சீசன் கழித்து முதல் ரவுண்டு பிக் ஒன்றையும் சேர்த்துத்தான் ஒக்லஹோமா சிட்டிக்கு அனுப்ப முடிந்தது. 2021-ல் பாஸ்டன் கெம்பா வாக்கரையும் ஒரு முதல் ரவுண்டு பிக்கையும் கொடுத்து அதே ஹார்ஃபர்டை வாங்கியது. 2024-ல் பாஸ்டன் சாம்பியன். ஹார்ஃபர்டுக்கு வயது 38. ஒரு வருடத்துக்குள் அவரை ஒழிக்க ஒரு அணி பிக் கொடுத்தது, வாங்க இன்னொரு அணி பிக் கொடுத்தது. ஆள் அதே ஆள்தான். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது மாறியது.

சும்மா போக விடறதைவிட ஏதோ ஒண்ணு வாங்கிட்டு அனுப்பறது மேல் இல்லையா?

காதுக்கு நியாயமாகத்தான் படும். இந்தியானா பேசர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபரில் மும்பையில் சாக்ரமென்டோவோடு ஆடிய அதே பேசர்ஸ். அப்போது அவர்களிடம் சபோனிஸ், மைல்ஸ் டர்னர் என்று இரண்டு பிக் மேன். இருவரும் ஒன்றாகப் பொருந்தவில்லை, வருடக்கணக்காக டர்னரைத்தான் டிரேடு செய்வார்கள் என்று பேச்சு. கடைசியில் 2022 பிப்ரவரியில் சபோனிஸைக் கொடுத்து கார்டு ஹாலிபர்டனை வாங்கினார்கள், டர்னரை வைத்துக்கொண்டார்கள்.

2025-ல் அந்த அணி இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம்வரை போனது. அந்த ஜூலையிலேயே டர்னர் மில்வாக்கிக்குப் போய்விட்டார். பேசர்ஸுக்குப் பதிலுக்கு ஒன்றும் இல்லை. "பாத்தியா, முன்னாடியே வித்திருக்கணும்" என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் அவரை இரண்டு இரண்டாம் ரவுண்டு பிக்குக்கு விற்றிருந்தால் அந்த இறுதிச் சுற்று வந்திருக்குமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சும்மா போனார் என்பது கணக்குப் புத்தகத்தில்தான். ஆனால் இது ஜெயிக்கும் அணிக்கு மட்டும் பொருந்தும். 25 ஆட்டம் ஜெயிக்கப் போகும் அணி கான்ட்ராக்ட் முடியும் சென்டரைக் கடைசிவரை வைத்திருப்பது வெறும் சோம்பல்.

டர்னரை எடுக்க மில்வாக்கி என்ன செய்தது என்பதும் சுவாரசியம். தன் கார்டு டேமியன் லில்லர்டை விடுவித்து, மிச்சமிருந்த சுமார் 11.3 கோடி டாலரை 5 வருடத்துக்குப் பிரித்துக்கொண்டது. மிச்ச வருடங்களை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எத்தனை வருடத்துக்குப் பிரிக்கலாம் என்று கிடைக்கும். ஆடாத ஆளுக்கு வருடம் இரண்டு கோடிக்கு மேல் கணக்கில் நிற்கும்.

டீம் முதல் இடத்துல இருக்கு. இப்ப பழைய சென்டரைக் கொடுத்து ஒரு விங் (ஓரத்துல ஆடறவர்) வாங்கினா இன்னும் பலம்தானே?

2011 பிப்ரவரியில் பாஸ்டன் இதையே நினைத்தது. 41 வெற்றி, 14 தோல்வி என்று இருந்தபோது கென்ட்ரிக் பெர்கின்ஸை ஒக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்து ஜெஃப் கிரீனையும் நெனாட் கிர்ஸ்டிச்சையும் ஒரு பிக்கையும் வாங்கியது. அதன் பிறகு 15 வெற்றி, 12 தோல்வி. இரண்டாவது சுற்றில் மயாமியிடம் 4-1.

உடனே 'அணியின் ஒற்றுமை உடைந்தது' என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், அளக்க வழி இல்லை. அளக்கக்கூடிய காரணம் வேறு: பெர்கின்ஸ் போனால் இன்னொரு சென்டரான ஷாக் (ஷகீல் ஓ'நீல்) இருக்கிறார் என்று கணக்குப் போட்டார்கள். ஷாக்குக்கு அந்த மார்ச்சில் 39 வயது, காலில் காயம், அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஆடவே இல்லை. முந்தைய வருட இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் காயத்தால் பெர்கின்ஸ் இல்லாமல் ஆடி, ரீபவுண்டில் 53-40 என்று பின்தங்கி, நாலு பாயின்டில் தோற்ற அணி அது. ஆகவே டிரேடுக்கு முன் கேட்க வேண்டியது: நாளை காலை யார் சென்டர், அவர் நாலு வாரம் காயப்பட்டால் யார் சென்டர்? இரண்டாவது பெயரைச் சொல்லத் தயங்கினால் டிரேடு வேண்டாம்.

சின்னப் பையனைக் கொடுத்து வயசானவரை வாங்கின டீம் ஜெயிச்சிருக்கா?

2019 பிப்ரவரியில் டொரொண்டோ. 26 வயது வலன்சியூனஸ், டெலோன் ரைட், சி.ஜே. மைல்ஸ், ஒரு இரண்டாம் ரவுண்டு பிக். பதிலுக்கு 34 வயது மார்க் கசோல். பாயின்ட் எண்ணிக்கையில் நஷ்ட வியாபாரம். பிளே-ஆஃப் முதல் சுற்றில் ஆர்லாண்டோவின் வூசெவிச் எதிரே வந்தார். சீசனில் சராசரி 20.8 பாயின்ட் எடுத்தவர் அந்தச் சுற்றில் 11.2. அடுத்த சுற்றில் எம்பீடையும் கசோல்தான் தாங்கினார். டொரொண்டோ அந்த வருட சாம்பியன். குறிப்பிட்ட எதிராளிகளை மனதில் வைத்து வாங்கினார்கள், அவர்களே வந்து மாட்டினார்கள்.

2008-ல் ஃபீனிக்ஸ் ஷான் மேரியனைக் கொடுத்து 35 வயது ஷாக்கை வாங்கியது நேர் எதிர். லீகில் வேகத்துக்குப் பேர்போன அணிக்கு லீகிலேயே கனமான ஆள். முதல் சுற்றில் சான் அன்டோனியோவிடம் 4-1. 2025 பிப்ரவரியில் டாலஸ் தன் நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டான்சிச்சைக் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கியதை இந்த வரிசையில் சேர்ப்பது டேவிஸுக்கே அநியாயம். அங்கே கேள்வி வாங்கியவரைப் பற்றியது இல்லை, கொடுத்தவரைப் பற்றியது. ஆனாலும் டேவிஸ் டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம் பட்டு வெளியேறினார் என்பதையும், முப்பதைத் தாண்டிய பிக் மேனின் உடல்நிலை என்ன விலை கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எப்ப பண்ணணும்? டெட்லைன் நம்ம நேரத்துக்கு எப்ப?

டிரேடு செய்வதற்கான டெட்லைன் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, நியூயார்க் நேரம் மதியம் 3 மணி. சென்னையில் வெள்ளிக்கிழமை அதிகாலை 1:30. 2026-ல் அது பிப்ரவரி 6 அதிகாலை. 1:30-க்கு மேலும் அரைமணி நேரம் செய்தி வந்துகொண்டே இருக்கும், அவை கடைசி நிமிடத்தில் பதிவானவை.

கோடையில் புதிதாகக் கையெழுத்திட்டவர்களைப் பெரும்பாலும் டிசம்பர் 15 வரை டிரேடு செய்ய முடியாது. பழைய அணியிலேயே நல்ல உயர்வோடு தொடர்ந்த சிலருக்கு ஜனவரி 15. நவம்பரிலேயே டிரேடு கேட்டுக் கத்துவதில் பயனில்லை. இன்னொரு கண்ணி: வரம்புக்கு மேலே இருக்கும் அணி டிரேடில் வாங்கிய ஆளைத் தனியாக உடனே மறுபடி அனுப்பலாம், ஆனால் வேறு சம்பளத்தோடு கூட்டி அனுப்ப இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் வாங்கினால் பிப்ரவரி டெட்லைனுக்கு அவரைச் சேர்த்துக் கட்ட முடியாது.

டிரேடே வேணாம், பை-அவுட் பண்ணி விட்டுட்டா?

சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் வெளியேறுவதுதான் பை-அவுட். அணிக்குக் கொஞ்சம் பணம் மிச்சம், ஆட்டக்காரருக்கு விருப்பமான அணி. மார்ச் 1-க்குள் விடுவிக்கப்பட்டால்தான் புதிய அணிக்காக பிளே-ஆஃப் ஆட முடியும். முதல் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணிகள், 1.41 கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கியவரை இப்படி எடுக்க முடியாது. கெவின் லவ் 2023 பிப்ரவரியில் கிளீவ்லேண்டிலிருந்து இப்படி வெளியேறி மயாமியோடு இறுதிச் சுற்று ஆடினார்.

"டிரேடு பண்ணி, அங்க விட்டதும் திரும்ப நம்மகிட்டயே வந்துடுவார்" என்ற ஆசை வேண்டாம். 2010-ல் கிளீவ்லேண்ட் தன் சென்டர் இல்கௌஸ்கஸை வாஷிங்டனுக்குக் கொடுத்து ஜேமிசனை வாங்கியது. வாஷிங்டன் அவரை விடுவித்தது. முப்பது நாள் காத்திருந்து அவர் கிளீவ்லேண்டுக்கே திரும்பிவிட்டார். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்தில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். இப்போது ஒரு வருடமோ, கான்ட்ராக்ட் முடிந்து வரும் ஜூலை 1-ஆ, எது முதலில் வருகிறதோ அதுவரை திரும்ப முடியாது.

நம்ம சென்னை டீமுங்கள்ல இப்படி டிரேடு உண்டா?

இல்லை. ஐஓபி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப் போன்ற அணிகளில் ஆட்டக்காரர் அந்த நிறுவனத்தின் ஊழியர். கால் போனாலும் வேலை போகாது, ஆபீஸுக்குப் போவார். அதனால்தான் நம் ஊரில் வயதான சென்டரைப் பற்றிய கேள்வி 'யாருக்குக் கொடுக்கலாம்' என்று வருவதில்லை, 'எத்தனை நிமிடம் இறக்கலாம்' என்று வருகிறது. மேலே சொன்ன ஐந்து ஆட்டப் பார்வை அதற்கும் உதவும்.

டிரேடு ஆச்சுன்னு ட்வீட் வந்தாச்சு. முடிஞ்சுது இல்ல?

மருத்துவப் பரிசோதனை முடியும்வரை இல்லை. முட்டி, பாதம், முதுகு மூன்றையும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். பிக் மேன் என்றால் இங்கேதான் நிறைய கவிழும். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் சார்லட்டின் மார்க் வில்லியம்ஸுக்காக டால்டன் நெக்ட், கேம் ரெடிஷ், 2031 முதல் ரவுண்டு பிக் என்று பேசி முடித்து அறிவித்தது. பரிசோதனையில் தேறவில்லை என்று சில நாளில் ரத்து. டெட்லைன் அதற்குள் தாண்டிவிட்டதால் வேறு சென்டரை டிரேடில் வாங்கவும் வழியில்லாமல் போனது. சரியாத்தான் ரத்து செய்தார்களா என்ற சண்டை தனி.

பரிசோதனை சொல்வதே கடைசி வார்த்தை என்றும் இல்லை. 2009 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் டைசன் சாண்ட்லரை ஒக்லஹோமா சிட்டிக்கு அனுப்பியது. இடது கால் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோடையில் சார்லட், அடுத்த கோடையில் எரிக் டாம்பியரின் உறுதியில்லாத கான்ட்ராக்டுக்காக டாலஸ் என்று கை மாறினார். 2011-ல் டாலஸ் சாம்பியன் ஆனபோது சென்டர் அவர்தான். 2012-ல் நிக்ஸுக்காக ஆடி, லீகின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருதும் வாங்கினார்.